கிரணக் கணக்கு

நேயர் ஒருவர் நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய தமையனாருக்கு வயது அறுபத்திரண்டு. நான்கு மாதத்துக்குள் மூன்று முறை ஸி.டி. ஸ்கேன் எடுத்தாயிற்று. இப்போது டாக்டர் நான்காவது முறையும் எடுக்க வேண்டும் என்கிறாராம். "ஒரு மனிதனுடைய உடம்பு இவ்வளவு கிரணந்தான் தாங்கும் என்று ஓர் உச்ச வரம்பு இருக்கிறதாமே? அதை எங்கள் அண்ணா தாண்டிவிட்டாரா, இல்லையா? நான்காவது ஸ்கேனை வேண்டாமென்று சொல்லிவிடலாமா?" என்று கேட்கிறார்.

இவை இரண்டு கேள்விகள். முதற் கேள்விக்குப் பதில் சுருக்கமானது: நோயாளிக்கு உச்ச வரம்பு என்று ஒன்று எந்தத் தேசத்துச் சட்டத்திலும் வகுக்கப்படவில்லை. இரண்டாவது கேள்விக்குப் பிறகு வருவோம். ஆனால் நேயர் கேட்காமல் விட்ட மூன்றாவது கேள்வி ஒன்று உண்டு. நமது அபிப்பிராயத்தில் அதுதான் முதலில் கேட்டிருக்க வேண்டியது. மூன்று முறை படம் எடுத்தார்களே, ஒவ்வொரு முறையும் எவ்வளவு கிரணம் செலுத்தினார்கள்? அதை எங்கேயாவது எழுதி வைத்திருக்கிறார்களா? எழுதியதை யாராவது படித்தார்களா?

மருந்துச் சீட்டிலே எத்தனை மில்லிகிராம் மாத்திரை, வேளைக்கு எத்தனை என்று எழுதியிருக்கிறது. ரத்தம் ஏற்றினால் எத்தனை பாட்டில் என்று எழுதுகிறார்கள். குளுக்கோஸ் நீர் ஏற்றினாலும் அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. கிரணம் ஒன்றுதான் கண்ணுக்குத் தெரியாமல், நாக்குக்கு ருசிக்காமல், உடம்பில் சுடாமல் வந்து போகிறது. ஆகையால் அதற்குக் கணக்குக் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

கணக்கு என்றால் முதலில் அளவுகோல் வேண்டுமல்லவா? ஒரு கிலோகிராம் எடையுள்ள பொருள் ஒரு ஜூல் சக்தியைக் கிரகித்துக்கொண்டால் அந்த அளவுக்கு ஒரு 'கிரே' என்று பெயர். அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லி கிரே. உடம்பின் எந்தப் பகுதியில் பட்டது, அந்த உறுப்பு எவ்வளவு மென்மையானது என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால் கிடைப்பது 'ஸீவர்ட்'; நடைமுறையில் மில்லி ஸீவர்ட். கிரே என்பவர் இங்கிலாந்துக்காரர். ஸீவர்ட் என்பவர் ஸ்வீடன் தேசத்துப் பௌதிக சாஸ்திரி. இருவரும் தங்கள் பெயரை அளவுகோலுக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

மார்புக்கு ஒரு சாதாரண எக்ஸ்-ரே படம் எடுத்தால் சுமார் 0.02 மில்லி ஸீவர்ட். தலைக்கு ஸி.டி. ஸ்கேன் எடுத்தால் சுமார் 2. வயிற்றுக்கு எடுத்தால் சுமார் 8. யந்திரத்தையும் அதை நடத்துகிறவரையும் பொறுத்து இது ஏறலாம், இறங்கலாம். அதாவது வயிற்று ஸ்கேன் ஒன்று, மார்புப் படங்கள் நானூறுக்குச் சமானம். இதைக் கேட்டவுடன் நேயர்கள் திடுக்கிட வேண்டாம். மண்ணிலிருந்தும், வானத்திலிருந்தும், மூச்சுக் காற்றிலிருந்தும், உண்ணும் ஆகாரத்திலிருந்தும் வருஷந்தோறும் ஒவ்வொரு மனிதனும் உலக சராசரியில் 2.4 மில்லி ஸீவர்ட் பெற்றுக்கொண்டுதான் இருக்கிறான். வயிற்று ஸ்கேன் ஒன்று, ஏறக்குறைய மூன்று வருஷத்து இயற்கைக் கிரணத்தை ஒரு சில விநாடிகளில் கொடுத்துவிடுகிறது, அவ்வளவுதான். இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுவோம். கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் அல்ட்ராஸவுண்டிலும், எம்.ஆர்.ஐ. ஸ்கேனிலும் எக்ஸ்-கிரணம் இல்லவே இல்லை. 'ஸ்கேன்' என்ற ஒரே பெயரைக் கேட்டு இவற்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டுக் கவலைப்படுகிறவர்கள் நம்மிடையே அநேகம் பேர்.

1895-ம் வருஷம் நவம்பர் 8-ந் தேதி ஜெர்மனியில் வூர்ட்ஸ்பர்க் நகரத்தில் ராண்ட்ஜென் இந்தக் கிரணத்தைக் கண்டுபிடித்தார். அடுத்த சில ஆண்டுகளுக்குள் அது உலகமெங்கும் பரவியது. தீமையும் கூடவே பரவியது. எடிஸனிடம் உதவியாளராக இருந்த கிளாரன்ஸ் டாலி என்பவர் கிரணக் குழாய்களைத் தம் கையைக் காட்டியே பரிசோதித்து வந்தார். கை புண்ணாகியது, புண் புற்றுநோயாகியது, கையை வெட்டினார்கள், மற்றக் கையையும் வெட்டினார்கள், 1904-ல் அவர் காலமானார். எடிஸன் அதன் பிறகு எக்ஸ்-கிரண ஆராய்ச்சியைத் தொடவே இல்லை. 1936-ல் ஹாம்பர்க் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில், இந்தக் கிரணத்தால் மாண்ட வைத்தியர்கள், தாதிகள், விஞ்ஞானிகள் முதலியோருக்கு ஒரு நினைவுக் கல் நாட்டினார்கள். அன்று அதில் 169 பெயர்கள் பொறிக்கப்பட்டன.

கல்லில் இருந்தவர்கள் எல்லாரும் கிரணத்தைக் கையாண்டவர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். எனவே கணக்கும் அவர்களுக்கே முதலில் தோன்றியது. 1928-ல் ஸ்டாக்ஹோமில் கூடிய மகாநாட்டில் பாதுகாப்புக்கென்று ஒரு சர்வதேசக் கமிட்டி ஏற்பட்டது. இன்று நம் தேசத்தில் எக்ஸ்-ரே அறையில் வேலை செய்கிறவர் மார்பிலே ஒரு சிறு பட்டையை அணிந்துகொண்டிருக்கிறார். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அதை எடுத்துப் போய் அளந்து அவர் பெயரில் பதிவு செய்கிறார்கள். ஐந்து வருஷத்துச் சராசரி ஆண்டுக்கு 20 மில்லி ஸீவர்ட்டுக்கு மேல் போகக்கூடாது. எந்த ஒரு வருஷத்திலும் 30-ஐத் தாண்டக்கூடாது என்று விதி.

ஆக, சுவருக்கு அந்தப் பக்கம் நிற்கிறவருக்குக் கணக்கும் உண்டு, வரம்பும் உண்டு. கிரணத்தின் நேர் வழியில் படுத்திருக்கிறவருக்கு இரண்டும் இல்லை. இது என்ன நியாயம் என்று தோன்றலாம். வரம்பு இல்லாததற்கு நல்ல நியாயம் இருக்கிறது. ஊழியருக்கு அந்தக் கிரணத்தால் யாதொரு பயனும் இல்லை; அவருக்குக் குறைந்தால் லாபமே. நோயாளிக்கோ அதனால் உயிரே பிழைக்கலாம். மண்டைக்குள் ரத்தம் கசிகிறவரிடம் போய், "உம்முடைய பங்கு போன மாதமே தீர்ந்துவிட்டது" என்று சொல்ல முடியுமா? ஆகையால் வரம்பு வேண்டாம். ஆனால் வரம்பு வேண்டாம் என்பதற்குச் சொன்ன நியாயம், கணக்கும் வேண்டாம் என்பதற்கு எப்படிப் பொருந்தும்? இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டதனால் விளைந்த ஒரு காரியத்தை இப்போது சொல்லுகிறோம்.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தில் லாஸ் ஏஞ்ஜலிஸ் நகரத்தில் ஸீடார்ஸ்-ஸைனாய் என்று ஓர் ஆஸ்பத்திரி இருக்கிறது. ஏழை எளியவர்கள் ஒதுங்கும் தர்ம ஆஸ்பத்திரி அல்ல. உலகத்திலேயே பெயர் பெற்ற வைத்தியசாலைகளில் ஒன்று. பக்கவாதம் கண்டவர்களுக்கு மூளையில் எந்தப் பகுதிக்கு ரத்தம் போகவில்லை என்று பார்ப்பதற்காக அங்கே ஒரு விசேஷ ஸ்கேன் எடுப்பார்கள். ரத்தக் குழாயில் ஒரு திரவத்தைச் செலுத்திவிட்டு, அது மூளைக்குள் புகுந்து பரவி வெளியேறும் வரையில், தலையின் ஒரே பட்டையை மீண்டும் மீண்டும் படம் பிடிப்பது இதன் முறை. ஒரே இடத்தில் பல முறை விழுவதால் ஒவ்வொரு முறையும் கிரணத்தைக் குறைத்துத்தான் விட வேண்டும். எல்லாம் சேர்ந்து அதிகமாகப் போனாலும் அரை கிரேக்கு மேல் போகக்கூடாது.

2008 பிப்ரவரியில், ரத்த ஓட்டம் இன்னும் தெளிவாகத் தெரிய வேண்டும் என்ற நல்ல எண்ணத்தோடு, யந்திரத்தில் முன்பே பதித்து வைத்திருந்த கட்டளைகளை ஆஸ்பத்திரியில் மாற்றினார்கள். மாற்றியதில் பிசகு நேர்ந்தது. அன்று முதல் அந்த ஸ்கேனுக்காகப் படுத்தவர்களுக்கெல்லாம் அரை கிரேக்குப் பதிலாக மூன்று, நான்கு கிரே விழுந்தது. ஏறக்குறைய எட்டு மடங்கு. ஒரு நாள் அல்ல, ஒரு மாதம் அல்ல, பதினெட்டு மாதம். மனிதன் செய்கிற பிழை ஒரு தடவையோடு போகும். யந்திரத்துக்குக் கற்பித்த பிழை அலுப்பில்லாமல் நடந்துகொண்டே இருக்கும்.

கண்டுபிடித்தது யார்? வைத்தியர் அல்ல, பௌதிக சாஸ்திரியும் அல்ல. பரிசோதனைக்கு வந்த ஸர்க்கார் அதிகாரியும் அல்ல. 2009 ஆகஸ்டில் ஒரு நோயாளி, ஸ்கேனுக்குப் பிறகு தம் தலைமயிர் கொட்டுகிறது என்று வந்து முறையிட்டார். ஏறக்குறைய 3 கிரே பட்டால் மயிர் உதிரும் என்பது நூறு வருஷமாகத் தெரிந்த விஷயம். அதன் பிறகே பழைய ஏடுகளைப் புரட்டினார்கள். 206 பேர் அகப்பட்டார்கள். அவர்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மயிர் உதிர்ந்திருந்தது. உதிர்ந்ததைப் பார்த்து வியாதியாலோ மருந்தாலோ என்று நினைத்து அவர்கள் வீட்டோடு இருந்துவிட்டார்கள் போலும். அக்டோபர் 8-ந் தேதி அமெரிக்க ஸர்க்காரின் உணவு மருந்து நிர்வாகம் நாடு முழுவதற்கும் எச்சரிக்கை விடுத்தது. மற்ற ஆஸ்பத்திரிகளும் தங்கள் ஏடுகளைப் புரட்டிப் பார்த்தன. 2010 நவம்பர் வாக்கில் ஆறு ஆஸ்பத்திரிகளில் சுமார் 385 நோயாளிகள் என்று கணக்கு வந்தது.

இந்தக் கதையில் நம்மைத் திகைக்க வைப்பது ஒன்றுதான். ஸி.டி. யந்திரம் ஊமை அல்ல. ஒவ்வொரு ஸ்கேனுக்கும் எவ்வளவு கிரணம் என்று அதுவே கணக்கிட்டு, நடத்துகிறவருடைய கண்ணெதிரே திரையில் எண்ணாகக் காட்டுகிறது. பதினெட்டு மாதம், 206 நோயாளிகள், ஒவ்வொரு முறையும் திரையிலே அந்த எண் நின்றது. பார்த்தவர்கள் உண்டு, படித்தவர் இல்லை. இருபது வருஷத்துக்கு மேல் உபாத்தியாயத் தொழிலில் இருந்து வருகிற நமக்கு இது அவ்வளவு புதுமையாகப் படவில்லை. எழுதப்படுகிற ரிஜிஸ்தர் வேறு, படிக்கப்படுகிற ரிஜிஸ்தர் வேறு என்பது பள்ளிக்கூடத்தில் எவருக்கும் தெரியும். ஒரு பையன் நாற்பது நாள் வரவில்லை என்பது ரிஜிஸ்தரில் நாற்பது தடவை எழுதப்பட்டிருக்கும்; அவன் பள்ளிக்கூடத்தையே விட்டுவிட்டான் என்பது பரீட்சைக்கு முந்தின வாரம் தெரியவரும்.

படத்தைப் பார்த்தே சந்தேகம் வந்திருக்க வேண்டாமா என்று கேட்கலாம். இங்கேதான் நூதன யந்திரத்தின் ஒரு சூழ்ச்சி இருக்கிறது. பழைய நாளில் எக்ஸ்-ரே படம் பிலிமில் விழுந்தது. கிரணம் அதிகமாகிவிட்டால் பிலிம் கரியாகக் கறுத்துவிடும். டாக்டர் அதைத் தூக்கி எறிந்துவிட்டு, எடுத்தவரைக் கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்பார். பிலிமே காவல்காரனாக இருந்தது. இப்போது படம் கணிப்பொறியில் உருவாகிறது. கிரணம் குறைந்தால் படம் புள்ளி புள்ளியாய் மங்குகிறது. அதிகமானாலோ கறுப்பதில்லை, முன்னிலும் துலக்கமாக, அழகாக இருக்கிறது. ஆகவே குறைவுக்குப் புகார் வரும். மிகுதிக்குப் பாராட்டு வரும். சிறிது சிறிதாக அளவு உயர்ந்துகொண்டே போவதற்கு இதைவிட வேறென்ன தூண்டுதல் வேண்டும்? மிகுதியைக் காட்டிக்கொடுக்க இன்று படத்தால் முடியாது, எண்ணால்தான் முடியும்.

இந்தச் சம்பவத்தின் பயனாகக் கலிபோர்னியாவில் 2010-ல் ஒரு சட்டம் நிறைவேறியது. 2012 ஜூலை முதல் அம்மாகாணத்தில் ஸி.டி. ஸ்கேன் எடுத்தால் கிரண அளவை நோயாளியின் குறிப்பில் பதிய வேண்டும். பிசகு நேர்ந்தால் நோயாளிக்கு அறிவிக்க வேண்டும். யந்திரம் செய்கிறவர்களும், குறித்த அளவைத் தாண்டுவதாயிருந்தால் ஸ்கேனைத் துவக்குவதற்கு முன்பே எச்சரிக்கும் ஏற்பாடு ஒன்றைச் சேர்த்தார்கள்.

சரி, எண்ணை எழுதியாயிற்று. படிக்கவும் ஒருவர் இருக்கிறார். அந்த எண் அதிகமா, குறைவா என்று அவர் எதைக் கொண்டு சொல்லுவார்? இதற்கு வழி காட்டியவர்கள் இங்கிலாந்துக்காரர்கள். 1980-க்கும் 1990-க்கும் நடுவில் அவர்கள் நாடு முழுவதும் பல ஆஸ்பத்திரிகளில் நோயாளிகளுக்குச் செலுத்தும் அளவை அளந்து பார்த்தார்கள். ஒரே விதமான உடம்பு, ஒரே பரிசோதனை. ஆனால் ஓர் ஆஸ்பத்திரிக்கும் மற்றோர் ஆஸ்பத்திரிக்கும் பல மடங்கு வித்தியாசம் இருந்தது. அதிகம் செலுத்திய இடத்தில் நோய் அதிகமாகத் தெரிந்ததா என்றால், அதுவும் இல்லை.

உடனே தண்டனை விதிக்க ஆரம்பிக்கவில்லை. ஒரு யோசனை செய்தார்கள். ஒரு பரிசோதனைக்கு நாட்டிலுள்ள ஆஸ்பத்திரிகளின் நடுத்தர அளவுகளைச் சிறியது முதல் பெரியது வரை வரிசையாக எழுதுவது. கீழிருந்து முக்கால் பங்கு எங்கே முடிகிறதோ அந்த எண்ணை ஓர் ஒப்புநோக்கு அளவாக வைத்துக்கொள்வது. எந்த ஆஸ்பத்திரியின் வழக்கமான அளவு அதற்கு மேலே போகிறதோ அந்த ஆஸ்பத்திரி, ஏன் என்று தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும். நியாயமான காரணம் இருந்தால் சொல்லலாம். இல்லாவிட்டால் யந்திரத்தையும் வழக்கத்தையும் திருத்திக்கொள்ள வேண்டும். ஒரே கேள்வித்தாளைப் பத்துப் பிரிவுகளுக்குக் கொடுத்து, ஒரு பிரிவுக்கு மட்டும் மார்க்கு வானத்தை முட்டினால் தலைமை உபாத்தியாயர் பையன்களையா சந்தேகிப்பார்? திருத்தினவரை அழைத்துப் பேசுவார். அது போலத்தான் இதுவும். ஒரு தனி நோயாளியின் எண்ணை வைத்து இதில் தீர்ப்புச் சொல்ல முடியாது. பருத்த சரீரிக்கு அதிகம் வேண்டும், மெலிந்தவருக்குக் குறைவு போதும். ஓர் அறையின் வழக்கத்தை மற்ற அறைகளின் வழக்கத்தோடு ஒப்பிடுவதற்கே இது.

சில வருஷத்துக்கொரு முறை மறுபடியும் அளந்து, முக்கால் பங்கு எங்கே முடிகிறது என்று மறுபடியும் பார்த்தார்கள். மேலே இருந்தவர்கள் இறங்க இறங்க, எல்லையும் இறங்கிக்கொண்டே வந்தது. 2005-ம் வருஷத்துக் கணக்கில் எக்ஸ்-ரே பரிசோதனைகளின் ஒப்புநோக்கு அளவுகள், முதன்முதலில் எடுத்த கணக்கில் பாதிக்கும் கீழே வந்திருந்தன. யாரையும் சிறையில் அடைக்கவில்லை. எழுதினார்கள், ஒப்பிட்டார்கள், இருபது வருஷத்தில் பாதியாயிற்று. 1996-ல் சர்வதேசக் கமிட்டி இந்த முறையை எல்லா நாடுகளுக்கும் சிபாரிசு செய்தது. 1997-ல் ஐரோப்பியக் கூட்டு நாடுகளின் சட்டத்திலும் புகுந்தது.

தூரதேசத்துச் சமாசாரம் என்று நேயர்கள் பத்திரிகையை மடித்து வைத்துவிட வேண்டாம். நமது தமிழ்நாட்டிலேயே இப்படி ஓர் அளவெடுப்பு நடந்திருக்கிறது. இந்திய அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் பொருளுதவியோடு இரண்டு வருஷ காலம் 127 ஸி.டி. யந்திரங்களை அவை இருந்த இடத்துக்கே சென்று அளந்து, முடிவுகளை 2011-ல் வெளியிட்டார்கள். அந்த 127-ல் 17 யந்திரங்கள் ஒரு தடவை உழைத்துக் களைத்துப் பிறகு புதுப்பிக்கப்பட்டவை. மார்பு ஸ்கேனுக்கு 557, வயிற்றுக்கு 521, இடுப்புக்கு 294 என்று நம் பிரதேசத்துக்கென ஒப்புநோக்கு அளவுகள் கிடைத்தன. இவை மில்லி கிரே-சென்டிமீட்டர் கணக்கில் சொல்லப்பட்டவை. ஒரு பட்டைக்கு விழும் அளவை, ஸ்கேன் செய்த நீளத்தால் பெருக்கி வருவது. இதன்படி சராசரி மார்பு ஸ்கேன் ஒன்றுக்குச் சுமார் 8 மில்லி ஸீவர்ட் என்றும் கண்டார்கள். எண்கள் நம் கையில் இருக்கின்றன. நம் ஊர் ஸ்கேன் நிலையத்தின் எண்ணை அவற்றின் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் பாக்கி.

இனி நேயருடைய இரண்டாவது கேள்வி: நான்காவது ஸ்கேனை மறுக்கலாமா?

முன் மூன்று ஸ்கேன்களை ஒரு கடனாகவும், நான்காவதை அந்தக் கடன் மீது ஏறும் வட்டியாகவும் அவர் நினைக்கிறார் என்று தோன்றுகிறது. அப்படி அல்ல. நான்காவது ஸ்கேனால் வரக்கூடிய தீங்கு, அந்த ஒரு ஸ்கேனின் அளவைப் பொறுத்தது. முன்பு எடுத்ததை எடுக்காததாக ஆக்க முடியாது; முன்பு எடுத்ததற்காக இன்று அவசியமானதை விட்டுவிட்டால், செலுத்திய கிரணமும் வீண், வைத்தியமும் வீண். அறுபத்திரண்டு வயதில் ஒரு கட்டி வளர்கிறதா, தேய்கிறதா என்று பார்ப்பதற்காக டாக்டர் கேட்டால், பல வருஷங்கள் கழித்து வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம் என்கிற ஒரு சிறு சந்தேகத்துக்காக அதை மறுப்பது விவேகமாகாது. டாக்டரிடம் கேட்க வேண்டியவை வேறே. இதில் என்ன தெரிந்துகொள்ளப் போகிறீர்கள்? தெரிந்தால் சிகிச்சை மாறுமா? அல்ட்ராஸவுண்டிலோ எம்.ஆர்.ஐ.யிலோ அதே விஷயம் தெரியாதா? ஊர் மாறி, டாக்டர் மாறிப் போகும்போது பழைய படங்களையும் குறிப்புகளையும் கையோடு கொண்டு போனோமா? படம் வீட்டு அலமாரியில் இருக்க, புது ஊரில் அதே படத்தை மறுபடியும் எடுப்பது நடக்கிறது. அந்த ஒரு ஸ்கேனை மறுக்கத்தான் வேண்டும்.

ஆனால் பல முறை ஸ்கேன் எடுத்துக்கொள்ளும் நோயாளிகளைப் பற்றிய கணக்கும் ஒரு விதத்தில் வேண்டியதே. 2020-ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில் 324 ஆஸ்பத்திரிகளிலிருந்து 25 லட்சம் நோயாளிகளின் பதிவுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். அவர்களில் 33,407 பேர், அதாவது நூற்றுக்கு 1.33 பேர், ஒன்று முதல் ஐந்து வருஷத்துக்குள் 100 மில்லி ஸீவர்ட்டோ அதற்கு மேலோ பெற்றிருந்தார்கள். இத்தனை பேர் இருப்பார்கள் என்று அதற்கு முன் எவரும் நினைக்கவில்லை. இவர்கள் பெரும்பாலும் கொடிய நோயாளிகள். படம் எடுக்காமல் இருக்க முடியாதவர்கள். ஆகவே இந்த எண் அவர்களைப் பயமுறுத்துவதற்கல்ல. இவர்களுக்கென்று குறைந்த கிரணத்தில் தெளிந்த படம் தரும் யந்திரங்களைச் செய்ய வேண்டும் என்று எடுத்துக்காட்ட அது உதவியது.

குழந்தைகள் விஷயத்தில் மட்டும் நாம் இவ்வளவு சமாதானமாகப் பேச மாட்டோம். வளரும் உடம்பு கிரணத்துக்கு அதிகமாக இளகும். தீங்கு முளைப்பதற்கு இன்னும் எழுபது வருஷம் முன்னே கிடக்கிறது. 2023-ல் ஐரோப்பாவில் ஒன்பது நாடுகளில், இளம் வயதில் ஸி.டி. ஸ்கேன் எடுத்துக்கொண்ட 9,48,174 பேரைப் பின்தொடர்ந்து பார்த்த ஆராய்ச்சி ஒன்று வெளியாயிற்று. இன்றைய முறையில் ஸ்கேன் எடுக்கப்படும் பதினாயிரம் குழந்தைகளில் அடுத்த பன்னிரண்டு வருஷத்துக்குள் ஒருவருக்கோ இருவருக்கோ அக்காரணத்தால் ரத்தப் புற்று வகை நோய் வரலாம் என்று அதில் கணித்திருக்கிறார்கள். கீழே விழுந்து மூர்ச்சை போட்ட குழந்தைக்கு ஸ்கேனை மறுக்க இது காரணமாகாது. ஆனால் விழுந்து எழுந்து விளையாடிக்கொண்டிருக்கும் குழந்தைக்கு, "எதற்கும் ஒன்று எடுத்துப் பார்த்துவிடலாம்" என்று தகப்பனாரே டாக்டரை நெருக்குவதை நாம் கண்டிருக்கிறோம். அங்கே டாக்டர் வேண்டாமென்றால் அவரை வாழ்த்திவிட்டு வீட்டுக்கு வர வேண்டும்.

குழந்தைகளுக்குப் பெரியவர்களுடைய அளவையே வைத்து எடுத்துவிடுவதும் உண்டு. குழந்தையின் மெல்லிய உடம்புக்கு அதில் பாதிகூட வேண்டியதில்லை. படம் நன்றாகவே விழும். அளவைக் குறைத்து வையுங்கள் என்று அமெரிக்காவில் குழந்தை வைத்தியக் கிரண நிபுணர்கள் 2008-ல் ஓர் இயக்கமே தொடங்கினார்கள்.

இங்கே எண்ணைப் படிக்கிறவர்கள் ஏமாறக்கூடிய இடம் ஒன்று இருக்கிறது. யந்திரம் காட்டும் எண் நோயாளியின் உடம்புக்குள் அளந்தது அல்ல. பிளாஸ்டிக்கினால் செய்த ஓர் உருளைக்குள் அந்தக் கிரணத்தை விட்டால் எவ்வளவு விழுமோ அதுவே அந்த எண். தலைக்கு 16 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள உருளை. பெரியவர்களின் உடலுக்கு 32 சென்டிமீட்டர் உருளை. பெரிய உருளையில் கிரணம் உள்ளே போகப் போகத் தேய்ந்துவிடுகிறது. சின்ன உடம்பில் அப்படித் தேய்வதில்லை. ஆகவே ஒரு சிறு குழந்தையின் வயிற்று ஸ்கேனுக்கு 32 உருளையின்படி 5 மில்லி கிரே என்று திரை காட்டினால், குழந்தைக்கு உண்மையில் விழுந்தது அதைப்போல் இரு மடங்குக்கு மேலும் இருக்கலாம். உடம்பின் பருமனைக் கொண்டு இதைத் திருத்திக் கணக்கிடுவதற்கு 2011-ல் அமெரிக்க வைத்தியப் பௌதிக சங்கத்தார் ஓர் அட்டவணை வெளியிட்டார்கள்.

ஸ்கேன் முடிந்ததும் யந்திரம் தானாகவே ஒரு பக்கம் தயாரிக்கிறது. அதில் ஒவ்வொரு படப்பிடிப்புக்கும் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று மில்லி கிரேயில், மற்றொன்று மில்லி கிரே-சென்டிமீட்டரில். எந்த உருளை என்பதையும், 16 என்றோ 32 என்றோ, பக்கத்திலே குறித்திருக்கும். அதற்கு 'டோஸ் ரிப்போர்ட்' என்று பெயர். பெரும்பாலும் அது படங்களோடு படமாகக் கணிப்பொறியிலேயே தங்கிவிடுகிறது. நமக்குக் கொடுக்கும் பிலிமிலும் குறிப்பிலும் வருவதில்லை. அடுத்த முறை தமையனாரையோ குழந்தையையோ அழைத்துக்கொண்டு போகிற நேயர்கள், பிலிம் உறையைக் கையில் வாங்கிக்கொண்டு உடனே வாசற்படி இறங்கிவிடாமல், அந்த ஒரு பக்கத்தையும் அச்சிட்டுத் தரும்படி கேட்டுப் பார்க்கட்டும். எண்ணுக்கு அர்த்தம் தெரியாவிட்டாலும் பாதகமில்லை. நோயாளியின் வீட்டார் இப்படி ஒரு பக்கத்தைக் கேட்கிறார்கள் என்பது தெரிந்தால், கொடுப்பதற்கு முன்னால் அங்கே ஒருவர் அதை எடுத்துப் படிப்பார்.